போதும் என்றால் வாசல்

தேவர்சோலை
9 ஜூன் 2024

அன்புள்ள பிரிஸில்லாக்கா,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. முகவரியை மட்டும் என் வீட்டுக்காரர் உவைஸை எழுதச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம், போட்டால் போடட்டும், எரியும்போதாவது என் ஞாபகம் வரட்டும் என்று நானே எழுதிவிட்டேன்.

நேற்று ஊட்டியிலிருந்து அத்தா போன் செய்தார். உங்கள் பக்கத்து வீட்டு மரகதம் அக்கா குடை ரிப்பேருக்குக் கடைக்கு வந்தார்களாம். எட்மண்ட் மாமாவுக்கு ஏப்ரலிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று அவர்கள்தான் சொன்னார்களாம். அல்லாவே! ஏப்ரலில் நடந்தது ஜூனில் ஒரு குடை மூலமாகத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? என் மேல் கோபம் என்றால் என்னைத் திட்டுங்கள். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை எதற்கு என்னிடமிருந்து மறைக்க வேண்டும்?

ஆறு வருஷம் அந்த ஆம்னி வேனின் பின்சீட்டில் நானும் நம் நாய் வர்க்கியும் ஒருவர் மேல் ஒருவர் உருண்டு வந்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. வெள்ளிக்கிழமை குன்னூரில் அந்தப் பேசாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் வர்க்கிக்குப் பிள்ளைகளை ஆறுதல்படுத்தும் டியூட்டி. யார் காதைப் பிடித்துத் திருகினாலும் குரைக்க மாட்டான், தலையை மடியில் வைத்துக்கொண்டு கிடப்பான். நேரமானதும் நீங்கள் "போதும்" என்பீர்கள். உடனே எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அங்கே எட்மண்ட் மாமா தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றிருப்பார். துணியை அவிழ்ப்பது அவர் வேலை. அவிழ்த்ததும் நாய்க்குத் தண்ணீர், நமக்கு பிளாஸ்க்கில் டீ.

அவனை பஜாரில் பேக்கரி அடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்தவள் நான். வர்க்கி பிஸ்கட் சுடுகிற சூட்டில் அந்த வர்க்கி நிறத்திலேயே சுருண்டு கிடந்ததால் அந்தப் பெயர் வைத்தவளும் நான். கல்யாணமாகி தேவர்சோலைக்குப் போகிறேன் என்றதும் "நாயைப் பாதியில விட்டுட்டுப் போறவ" என்றீர்கள். நிக்காஹ்வுக்கு வரவில்லை. வார்டில் நான் குத்திக்கொள்ளும் பெயர் பேட்ஜை அத்தா கடையில் கொடுத்தனுப்பினீர்கள். நான் என்ன அக்கா, நாய்க்காகக் கன்னியாகவே இருந்திருக்க வேண்டுமா?

போன் செய்யலாம்தான். ஆனால் இந்த வீட்டில் யாருக்கு போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போடுவதுதான் வழக்கம். மாமி, கொழுந்தன், ஓரகத்தி என்று குடும்பமே கூடிப் பேசும். உங்களோடு அப்படி என்னால் பேச முடியாது.

மாமா எப்படி இருக்கிறார்? வர்க்கி எப்படி இருக்கிறான்?

நாஜ்னீன்

*

பெர்ன்ஹில்
18 ஜூன் 2024

நாஜ்னீன்,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருக்கிறோம். "இருக்கிறோம்" என்பதற்கு முன்னால் "சுகமாக" என்று போடுவது வழக்கம். நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. நான் கேஸ் அடுப்புக்கு மாறி எவ்வளவோ நாளாகிறது, உனக்குத்தான் ஞாபகம் இல்லை.

நீ போன் செய்யாததும் நல்லதுதான். இரண்டே அறை உள்ள வீடு. நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். ஒரு மனுஷனைப் பற்றி அவர் எதிரிலேயே "வாய் கோணிடுச்சு, சோத்தை ஊட்டித்தான் விடறேன்" என்று எப்படிச் சொல்வது? பேச்சுத்தான் போயிருக்கிறது, காது நன்றாகவே இருக்கிறது. அதனால் வருகிற போனையெல்லாம் "அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிடுகிறேன். யாரோடும் அப்புறம் பேசியதில்லை. இதையும் சமையலறையில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாப் பேச்சும் போய் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது. "போதும்." தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், ஜன்னலைச் சாத்து என்றாலும் போதும். போன ஞாயிறு போதகர் வந்து கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் இவர் "போதும்" என்றார். போதகர் ஆமென் சொல்லி எழுந்துவிட்டார், பாவம். மரகதம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரருக்கு எல்லா வார்த்தையும் வரும், இந்த ஒரு வார்த்தை மட்டும் வராதுங்க" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம். "அதுக்கு அர்த்தம் தேடாதீங்கம்மா, பாதி நேரம் வாய் தானாச் சொல்றது" என்றார். சரி என்று நானும் தேடுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் டாக்டர் சொன்னது நாய்க்குப் புரியுமா? இவர் வாயைத் திறந்து "போதும்" என்றதுமே வர்க்கி எழுந்து வாசல் கதவுக்குப் போய் நிற்கிறான். நாம் பழக்கியதுதான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கூப்பிட்டுக் கட்டிலருகே படுக்க வைக்கிறேன். மறுபடி போதும். மறுபடி வாசல். நாள் முழுக்க இதே நடை.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இரண்டும் நின்றுவிட்டன. இவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? வர்க்கிக்கு இப்போது ஒரே நோயாளி. நம் நாய், நம் வீட்டுக்காவது உதவட்டுமே.

அத்தாவை விசாரித்ததாகச் சொல்.

பிரிஸில்லா

*

தேவர்சோலை
28 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

மாமாவை நினைத்து அழுதேன், போதகரை நினைத்துச் சிரித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ததில் மாமி பயந்துபோய் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்தார்கள்.

இனி ஒன்று கேட்கப் போகிறேன், கோபப்படாமல் படியுங்கள். சிவப்புத் துணியைக் கழற்றுகிறீர்களா?

நீங்கள் எழுதியதில் அதைத்தான் தேடினேன். காணோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த நாயாலும் ஆறுதல் சொல்ல முடியாது, மனுஷனாலேயே முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். வார்டில் ஒரு குழந்தை எவ்வளவுதான் அழுது கேட்டாலும் நேரமானால் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். உங்களை ராட்சசி என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அவன் "போதும்" கேட்டு எழுந்து போகிறான், கதவு திறப்பதில்லை. போகிறான், திறப்பதில்லை. அவன் என்ன நினைப்பான்? தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறானா? வாயை நக்கிக்கொண்டே இருக்கிறானா? முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கி வைத்திருக்கிறானா? பாருங்கள் அக்கா, நாய் தவிப்பதற்கு இதெல்லாம்தான் அடையாளம்.

அவனை என்னிடம் கொடுங்கள். மாமா குணமாகும் வரைக்குமாவது.

எங்கே வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது. போன வாரம் இங்கே ஒரு தெருநாய் வந்து என் கையை நக்கியது. நாய் நக்கி எவ்வளவு நாளாயிற்று என்று அப்படியே நின்றுவிட்டேன். நாய் எச்சில் பட்டால் ஊட்டியில் எங்கள் வீட்டில் மூன்று முறை கழுவினால் தீர்ந்தது. இவர்கள் மார்க்க வழியில் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் தேய்த்து. நான் பழக்க தோஷத்தில் மூன்றோடு குழாயை மூடினேன். பின்னால் நின்று மாமி எண்ணியிருக்கிறார்கள். "மூணுதானே ஆச்சு மோளே. இனி நாலு பாக்கி உண்டு" என்றார்கள். திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை அக்கா. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் எப்போதும் கூடவே இருக்கிறார்கள். எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை.

நான் இப்படி இருப்பது போதும். வர்க்கியும் அப்படி இருக்க வேண்டாம்.

நாஜ்னீன்

*

பெர்ன்ஹில்
8 ஜூலை 2024

நாஜ்னீன்,

வைத்துக்கொள்ள இடமே இல்லாத ஊரிலிருந்து என் நாயைக் கேட்கிறாய். நன்றாக இருக்கிறது நியாயம்.

துணியைக் கழற்றவில்லை. கழற்றினால் அவன் அவர் பக்கம் வருவதேயில்லை, சமையலறை மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். துணி இருந்தால் வருகிறான். அதனால் கட்டியே வைத்திருக்கிறேன். உனக்கு அது கொலைக்குற்றமாகத் தெரிகிறது. தினமும் காலையில் அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்து பார், அப்புறம் எனக்கு விதி சொல்லு.

அவர் "போதும்" என்கிறார். நாய் வாசலுக்குப் போகிறது. உடனே இவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்து "போதும், போதும்" என்று கத்துகிறார். நாய் தன்னை விட்டுப் போவது பொறுக்கவில்லை என்று நான் ஓடிப்போய் அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து படுக்க வைக்கிறேன். அப்படியும் கத்துகிறார். தண்ணீரா என்கிறேன், தலையணையா என்கிறேன், வேட்டி நனைந்துவிட்டதா என்கிறேன். எல்லாவற்றுக்கும் அதே போதும். ஒரு நாள் நானும் பதிலுக்குக் கத்திவிட்டேன்: "எனக்குந்தான் போதும்! யார்கிட்டப் போய்ச் சொல்றது?" அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு மணி நேரக் கணக்குப் பேசுகிறாய். அவர் வாயோரம் எச்சில் வழியும், அதைத் துடைக்க என் தோளில் ஒரு துண்டு. காலையில் தோளில் ஏறினால் படுக்கப் போகும்போதுதான் இறங்கும். எனக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? மரகதம் வந்து "நான் செத்த உக்காந்திருக்கறனுங்க, நீங்க அப்பிடி வெளிய போயிட்டு வாங்க" என்கிறாள். தங்கமான பெண்தான். ஆனால் எஸ்டேட் பேக்டரியில் டீ மேக்கராக நிமிர்ந்து நடந்த மனுஷன், வேட்டி நழுவிக் கிடப்பதை அக்கம்பக்கம் வந்து பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சபைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

மழை விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் அவருக்குச் சளி பிடிக்கிறது, சாத்தினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. சாத்தித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வீட்டில் என்னோடு எழுந்து, என்னோடு படுக்கிற ஜீவன் அவன் ஒருவன்தான். அவனையும் கேட்காதே. கொடுக்க மாட்டேன்.

பிரிஸில்லா

*

தேவர்சோலை
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தைரியம் வர இவ்வளவு நாளாகிவிட்டது. என்னைத் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் திட்டினால்தான் எனக்குப் பழைய பிரிஸில்லாக்கா.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதமும் ஸ்பீக்கரில் போய்விட்டது. தபால்காரர் கொடுத்தபோது மாமிதான் வாங்கினார்கள். அவர்களுக்கு மலையாளம் படிக்க வரும், தமிழ் வராது. "வாயிச்சுக் கேப்பி மோளே" என்று படித்துக் காட்டச் சொல்லி எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். மறைக்கவா முடியும்? வாசித்தேன். நீங்கள் குழாயைத் திறந்துவிட்டு அழுத இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மாமி எழுந்து அடுக்களைக்குள் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. அவர்களும் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரைப் பல வருஷம் பார்த்தவர்களாம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை அரிசிப் பத்திரி சுட்டுக்கொண்டே சொன்னார்கள்: "தோட்டக் காவலுக்குன்னா நாய் வெக்கலாம், அதுக்குத் தடை இல்லா. ஊட்டுக்குள்ள கேறக் கூடாது, அவ்ளோதான். காப்பிக் களத்துல ஷெட்டு சும்மாதான கிடக்கு?" நான் மாமியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பத்திரி கருகிவிட்டது.

இடம் வந்துவிட்டது அக்கா. ஆனால் எவ்வளவு பெரிய மோசடி பாருங்கள். பன்றி வந்து கப்பைக் கிழங்கைத் தோண்டாமல் காவல் காக்க ஒரு நாய். அந்த நாய்க்குக் குரைக்கவே கூடாது என்று ஆறு வருஷம் பயிற்சி! பன்றி வந்தால் அதன் மடியில் தலை வைத்துப் படுத்து ஆறுதல் சொல்லுவான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயர் வர்க்கி. வர்க்கிச்சேட்டன். பெரிய மனுஷன், சர்ச்சில் கைக்காரர், அதாவது நிர்வாகி. "வர்க்கி, உட்காரு! வர்க்கி, எலும்பை விடு!" என்று நான் கூப்பிட்டால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் அது டீயில் முக்கித் தின்கிற பண்டம் என்றால் நம்புவாரா?

நான் கேட்கவில்லை அக்கா, இடம் இருக்கிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். உங்களைத் தனியாக்க எனக்கும் மனசில்லை. அவன் முன்னங்காலை மட்டும் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

நாஜ்னீன்

*

பெர்ன்ஹில்
21 ஆகஸ்ட் 2024

நாஜ்னீன்,

வர்க்கி கடித்துவிட்டான்.

பதறாதே. அவர் கையில் பல் பட்டிருக்கிறது, தோல் லேசாகக் கீறியதோடு சரி. அவனுக்குத் தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. டாக்டரும் வந்து பார்த்து அவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம், கஞ்சி கொடுத்து முடித்த நேரம். வர்க்கி கட்டிலருகே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவருடைய செயலற்ற வலது கை கட்டிலிலிருந்து சரிந்து அவன் மேல் பொத்தென்று விழுந்தது. தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தவன் கையைக் கவ்விவிட்டான். உடனே விட்டும்விட்டான். ஆனால் அதற்குள் நான் தோளிலிருந்த துண்டைச் சுருட்டி அவனை அடித்துவிட்டேன். நிறுத்தவே முடியவில்லை நாஜ்னீன். அந்த நாய் ஓடவுமில்லை, குரைக்கவுமில்லை. கழுத்தில் துணி இருந்ததே, அதனால் நின்று வாங்கிக்கொண்டான்.

"போதும்!" என்று கத்தினார் அவர். நாயைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. ஓங்கிய துண்டை இறக்கினேன்.

பிறகு இடது கையை நீட்டினார். வர்க்கி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் அந்தக் கைக்குக் கீழே நின்றான். அவர் ஒற்றைக் கையால் அவன் கழுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நான் போட்ட முடிச்சு, இறுகிக் கிடந்தது. விரல் வழுக்கியது, நகம் வளைந்தது. நான் உதவப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவிழ்த்த துணியை மெத்தையில் போட்டுவிட்டு, மெதுவாக, ஒரு குழந்தையிடம் சொல்வது போல அவனிடம் சொன்னார்: "போதும்."

வர்க்கி திரும்பி வாசல் கதவுக்குப் போய் நின்றான். அவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாயே, துணியை அவிழ்ப்பது மாமா வேலை என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிண்ணத்தோடு நின்று ஆறு வருஷம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்த மனுஷன் அவர். இத்தனை நாளும் நாயைப் பார்த்து இங்கே இரு என்று கத்தவில்லை. அவனை விடு, கதவைத் திற என்று என்னிடம் கத்தியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். டாக்டர் அர்த்தம் தேடாதே என்றார் என்பதற்காகக் கட்டிய பெண்டாட்டியும் தேடாமல் விட்டேனே! அவர் பேசியது இந்த வீட்டில் நாய்க்கு மட்டும் புரிந்திருக்கிறது.

கதவைத் திறந்தேன். வர்க்கி படியில் சற்று நின்றான், நம்பாமல். பிறகு மழையிலேயே புல்லில் இறங்கிப் புரண்டான். அவர் கட்டிலிலிருந்து பார்த்து இடது பக்கத்து வாயால் சிரித்தார்.

முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். ரோமம் போய்ச் சிவந்து ஈரமாக இருக்கிறது. நாள்தோறும் தொடுகிற கால். என் கண்ணில் படவில்லை.

எங்கள் சபைப் பையன் பிரைட்டன் சனிக்கிழமை கூடலூருக்கு கேரட் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் உங்கள் பக்கம் வருகிறான். வர்க்கியை முன்சீட்டில் உட்கார வைத்து அனுப்புகிறேன். தயிர்சாதம் சாப்பிடுவான். இடி இடித்தால் பயப்படுவான், உனக்குத் தெரியும். கால் புண்ணுக்கு மருந்து பையில் இருக்கிறது. சிவப்புத் துணியை அனுப்பவில்லை.

உன் மாமிக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல். இந்தக் கடிதத்தை அவர்களுக்கு முழுக்க வாசித்துக் காட்டு, பரவாயில்லை.

பிரிஸில்லா

*

தேவர்சோலை
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

வந்துவிட்டான். பிரைட்டன் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தான், மோந்தான், அப்புறம் அவன் போட்ட ஆட்டத்தில் நான் சகதியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு முகத்தையும் ஏழு முறை கழுவினேன். மாமி எண்ணவில்லை. வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

முதல் சில நாள் ஷெட்டுக்கு வெளியே வரவே மாட்டான். கதவு திறந்துதான் இருக்கும், அவன் அதன் ஓரத்தில் நின்று நம் முகத்தைப் பார்ப்பான், யாராவது சொல்ல வேண்டும் என்று. நான் எதுவும் சொல்லவில்லை. சும்மா வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் தானாகவே வந்து பக்கத்தில் படுத்தான். கால் ஆறி ரோமம் முளைக்கிறது.

பெயர்க் கூத்தும் நடந்தது. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அம்மா "வர்க்கிச்சா, வா!" என்று புருஷனைக் கூப்பிட, இவன் இங்கிருந்து வேலி தாண்டிப் போய் அவர்கள் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. வர்க்கிச்சேட்டன் வந்து பார்த்துவிட்டு, "நாங்க ரெண்டாளும் விளிச்சா வரும்" என்றாராம். இப்போது தினமும் அங்கே ஒரு மீன் தலை கிடைக்கிறது.

முக்கியமான சேதி இனிமேல்தான். நேற்று அந்தி நேரம் பன்றிக் கூட்டம் வந்தது. நானும் மாமியும் களத்தில் நின்றோம். வர்க்கி எழுந்தான். தொண்டைக்குள் என்னவோ உருண்டது. வாயைத் திறந்து மூடினான், எங்களைப் பார்த்தான், மறுபடி திறந்தான். அப்புறம் குரைத்தான் அக்கா! வர்க்கி குரைத்தான்! உடைந்த குரல், சேவல் கூவப் பழகுவது போல. பன்றி ஓடிய பிறகும் நிறுத்தவில்லை. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துக் குரைத்தான். மாமி காதைப் பொத்திக்கொண்டு "மதி, மதி, போது..." என்று தொடங்கினார்கள். நான் பாய்ந்து மாமி வாயைப் பொத்திவிட்டேன். மாமியார் வாயைப் பொத்திய மருமகள் தேவர்சோலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமி சிரித்த சிரிப்பில் கொழுந்தன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

போன கடிதத்தில் நாயைப் பற்றி எழுதினீர்கள், மாமாவைப் பற்றி எழுதினீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

நாஜ்னீன்

*

பெர்ன்ஹில்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள நாஜ்னீன்,

அவன் குரைத்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று கேட்காதே, இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

என்னைப் பற்றிக் கேட்டாய். வர்க்கி போன பிறகு வீடு அடைத்துக்கொண்டது போல இருந்தது. முன்பு அவர் "போதும்" என்றால் எழுந்து போகவாவது ஒருவன் இருந்தான். இப்போது வார்த்தை மட்டும் வந்து அறைக்குள் அப்படியே நிற்கும். நான் குனிந்து தண்ணீரா, தலையணையா என்று வழக்கம்போலத் தொடங்குவேன்.

நேற்றுக் காலை வாய் துடைத்துவிடக் குனிந்தேன். இடது கையால் என் தோளிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டார். துடைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து விட்டுக்கொடுத்தேன். துடைக்கவில்லை. மெல்ல இழுத்து என் தோளிலிருந்து எடுத்து, வர்க்கியின் சிவப்புத் துணியைப் போட்ட மாதிரியே மெத்தையில் தன் பக்கத்தில் போட்டார். "போதும்" என்றார்.

"என்னங்க வேணும்? தண்ணியா?" என்றேன்.

அவர் வாசல் கதவைப் பார்த்தார்.

"நான் போயிட்டா உங்களை யாரு பாக்கறது?" என்று கேட்டேன். மரகதம் வீட்டுச் சுவர்ப் பக்கம் கண்ணைக் காட்டினார். வெட்கம் எனக்குத்தான் இருந்திருக்கிறது, அவருக்கு இல்லை. போய் மரகதத்தைக் கூப்பிட்டேன். "இதுக்காகத்தானுங்க இத்தன நாளாக் காத்துக்கிட்டிருந்தேன்" என்று முறத்தில் கீரையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எழுந்து வாசலுக்குப் போனேன். நானும் வர்க்கியைப் போலப் படியில் கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றேன். உள்ளேயிருந்து மறுபடி ஒரு "போதும்" வந்தது. இறங்கிவிட்டேன். பெர்ன்ஹில் முக்குக் கடையில் உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், சூடு ஆறுவதற்குள் ஒரு டீ முழுசாகக் குடித்தேன். வர்க்கியும் முக்கித் தின்றேன். வெயில் அடித்தது.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் திரும்பிவிட்டேன். அவரும் மரகதமும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், அவர் ஒற்றைக் கையால். துண்டு மட்டும் அவர் இடுப்புக்கு அடியில் மடித்துச் செருகிக் கிடந்தது. வேலையைத் தொடங்கலாம் என்று கையை நீட்டி அதைக் கேட்டேன்.

இன்னும் தரவில்லை.

பிரிஸில்லா